அமெரிக்கர்களுக்கும் சின்ன கார் பிடிக்கும், டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருந்தால்

"அமெரிக்காக்காரனுக்கு நேர் ரோட்டில் மிதிக்கத்தான் தெரியும், வளைவு வந்தால் கை நடுங்கும்" என்று கார்ப் பைத்தியங்கள் கூடும் இடத்தில் எல்லாம் ஒரு நக்கல் ஓடும். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள்தான் இங்கிலாந்தின் எம்ஜி என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார்மேல் கிறுக்குப் பிடித்து அதைத் தங்கள் நாட்டில் பரப்பினார்கள். பின்னால் வந்த எம்ஜிபி 5 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது, அதில் பெரும்பகுதி கப்பல் ஏறிப் போனது அமெரிக்காவுக்கு. 1989-இல் மாஸ்டா தன் மியாட்டா என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை உலகத்துக்கு முதலில் காட்டிய இடம் சிகாகோ. அந்த காருக்கான யோசனை பிறந்ததும் கலிஃபோர்னியாவில்தான். வளைவு பிடிக்காதவன் எதற்கு மியாட்டா வாங்குகிறான்?

வித்தியாசம் ரசனையில் இல்லை, வீட்டு வாசலில் எத்தனை கார் நிற்கிறது என்பதில் இருக்கிறது. அமெரிக்க வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரிய வண்டி நிற்கும், பெட்ரோலும் மலிவு, அதனால் ஸ்போர்ட்ஸ் கார் என்பது ஞாயிற்றுக்கிழமை பொம்மை, இரண்டு சீட் போதும். ஐரோப்பாவில் தெரு குறுகல், பார்க்கிங் திண்டாட்டம், பெட்ரோல் விலை எகிறும், பல நாடுகளில் எஞ்சின் அளவையோ புகையையோ பார்த்து வரி வேறு. அங்கே ஒரே கார்தான் பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும், காய்கறி வாங்க வேண்டும், லீவு நாளில் ஆல்ப்ஸ் மலையும் ஏற வேண்டும். 1975-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபோக்ஸ்வேகன் காட்டிய கோல்ஃப் ஜிடிஐ, அதாவது சாதா குடும்பக் காரான கோல்ஃபின் வேக வடிவம், அப்படிப் பிறந்ததுதான். 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன், கட்டம் போட்ட சீட் துணி, கோல்ஃப் பந்து மாதிரி கியர் குமிழ். 5,000 விற்றால் போதும் என்று ஆரம்பித்த முதல் தலைமுறை, 4.5 லட்சத்தைத் தாண்டியது.

அதே ரகத்தில் வந்த பெஜோ 205 ஜிடிஐ-யைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தீர்கள் என்றால் வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும், சட்டென்று ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிக்காவிட்டால் வேலிக்குள்தான் போய் நிற்பீர்கள். அது அமெரிக்காவில் விற்கப்படவே இல்லை.

இந்த இரண்டும் டிக்கி நீட்டாமல் பின் கதவு மேலே திறக்கும் ஹேட்ச்பேக் கார்கள். அமெரிக்காவில் ஹேட்ச்பேக்குக்கு வேறு ஒரு சாபம். 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் வேறு வழியில்லாமல் வாங்கிய செவ்ரோலே செவெட் மாதிரி வண்டிகள் மனதில் பதிந்து, பின் கதவு மேலே திறந்தாலே காசில்லாதவன் கார் என்றாகிவிட்டது. ஆடி ஆர்எஸ்3 என்ற வேகக் காரின் ஹேட்ச்பேக்கை இன்றுவரை அங்கே அனுப்பவில்லை, டிக்கி நீட்டிய செடான்தான். மெர்சிடிஸின் ஹேட்ச்பேக்கான ஏ45 போகவில்லை, டிக்கி வைத்த சிஎல்ஏ45 போனது.

கம்பெனிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஹோண்டாவின் ஸ்விண்டன் ஆலையில் ஒரே உடம்போடு இரண்டு சிவிக் வந்தன. ஐரோப்பாவுக்கு 200 குதிரைத்திறன் டைப் ஆர், அமெரிக்காவுக்கு 160 குதிரைத்திறன் எஸ்ஐ. காரம் எடுத்த குழம்பை ஊற்றிவிட்டு, இவர்களுக்குச் சாப்பிடத் தெரியவில்லை என்றால் எப்படி?

இப்போது பார்த்தால் கதை தலைகீழ். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கம்பெனியின் கார்கள் கிலோமீட்டருக்குச் சராசரியாக விடும் கார்பன் டை ஆக்சைடு புகைக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம் என்றது. ஒரு சின்ன காரில் கிடைக்கும் லாபம் இதற்கு எங்கே தாங்கும்? 2023 ஜூலையில் ஃபோர்டின் ஃபியஸ்டா நின்றது, அதோடு அதன் வேக வடிவமான எஸ்டி-யும் போனது. 2024-இல் ஹூண்டாய் ஐ20-யின் வேக வடிவமான 'ஐ20 என்' ஐரோப்பாவை விட்டே கிளம்பியது. அமெரிக்காவிலோ சாதா கோல்ஃபை நிறுத்திவிட்டு ஜிடிஐ-யையும் அதைவிட வேகமான 'ஆர்' வடிவத்தையும் மட்டும் விற்கிறார்கள்! ஹூண்டாயின் 'எலான்ட்ரா என்' கிடைக்கிறது, மேனுவல் கியரோடு, செடானாக.

டொயோட்டா மட்டும் இரண்டு பக்கத்தையும் ஏங்க விட்டிருக்கிறது. ஜிஆர் யாரிஸ் என்ற குட்டி வேகக் கார் அமெரிக்காவுக்குக் கிடையாது, அதே மூன்று சிலிண்டர் எஞ்சின் போட்ட ஜிஆர் கொரோலா ஐரோப்பாவுக்குக் கிடையாது. இரண்டில் ஒன்று என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு யாரிஸ்தான் எடுப்பேன். மூன்று கதவு போதும், பின்சீட்டில் எப்படியும் பெரியவர்கள் யாரும் உட்கார முடியாது.