நுளம்பு பாஸ் காட்டுவதில்லை

போன கிழமை மகளுக்குச் சின்னமுத்து (தட்டம்மை) ஊசி போட வெள்ளவத்தையில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கதிரையில் பேத்தியோடு ஓர் ஐயா. பேச்சு எங்கெங்கோ போய், "மனிசன் சுயநலக்காரன் தம்பி, அவன்ட பிறப்பே அப்படி" என்று முடித்தார். அங்கே தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

மனிதன் நல்லவன் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் சுயநலக்காரர்களும் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள். பெரியம்மையைப் பாருங்கள். எங்கள் அம்மம்மா அதை 'அம்மாள் வருத்தம்' என்றுதான் சொல்வார், பெயரைச் சொல்லவே பயம். 20ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்ற நோய். அதை உலகத்திலிருந்தே ஒழிப்போம் என்று 1958இல் சோவியத் துணைச் சுகாதார அமைச்சர் ஸ்தானோவ் எழுந்து கேட்டது அமெரிக்க மண்ணில், மினியாபொலிஸில் நடந்த உலக சுகாதாரப் பேரவையில். சோவியத் தடுப்பு மருந்து கொடுத்தது, 1967இலிருந்து வேலையை நடத்தியவர் ஹென்டர்சன் என்ற அமெரிக்கர். அணுகுண்டுகள் ஒருவரையொருவர் குறிபார்த்தபடியேதான் இருந்தன. 1977இல் சோமாலியாவில் மாலின் என்ற ஆஸ்பத்திரிச் சமையற்காரரோடு அந்த நோயின் இயற்கையான பரவல் முடிந்தது. (ஊசி வலிக்கும் என்று போடாமல் விட்டவராம் அவர். பிறகு போலியோ ஒழிப்புக்கு ஊர் ஊராகத் திரிந்தார்.)

இலங்கையில் எங்கள் கதையும் அதுதான். 1990களில் போலியோ சொட்டு மருந்துக்காக இராணுவமும் புலிகளும் துவக்கைக் கீழே வைத்த நாட்கள் உண்டு. வன்னியில் அப்படியொரு நாளில் என்னைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றதை அம்மா இன்றும் சொல்வார். இரண்டு நாளில் திரும்ப ஷெல் விழுந்ததையும் சேர்த்தே சொல்வார். யாரும் திருந்தவில்லை. ஆனால் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் நுளம்பு பாஸ் காட்டுவதில்லை என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அதனால்தான் யுத்தத்துக்குள்ளும் மலேரியாவுக்கு இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், வலை கொடுத்தார்கள். 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்ததில் அந்த வேலைக்கும் பங்கு உண்டு.

அன்பு முதலில் வரவேண்டும், பிறகுதான் ஒத்துழைப்பு என்று யார் சொன்னது? பல இடங்களில் வேலைதான் முதலில் வந்திருக்கிறது. அதுவும் நிலைக்காது, கை சோர்ந்தால் திரும்பிவிடும். சின்னமுத்து ஒழிந்தது என்று 2019இல் சான்றிதழ் வாங்கினோம், 2023இல் இதே கொழும்பில் திரும்ப வந்தது.

சொல்ல மறந்துவிட்டேன். அந்த ஐயாவுக்கு அன்று இருந்த பெரிய கோபம், அவருடைய அடுக்குமாடியில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் ஊசி போடவில்லை என்பதுதான். "அதுகளால எங்கட பிள்ளைக்கு வந்தா?" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன், எங்கள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.