நாப் படத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

நவம்பர் பிறந்தால் போதும், பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி என்று பிளகின் (பாட்டு மிக்ஸ் செய்யும் சாஃப்ட்வேருக்குள் ஓடும் சின்ன புரோகிராம்) விற்கும் கம்பெனிகள் மெயிலாக அனுப்பிக் குவிக்கின்றன. கூடவே இன்பாக்ஸில், “ப்ரோ, எந்த ஈக்யூ வாங்கலாம், எந்த கம்ப்ரசர் வாங்கலாம்?” ஈக்யூ என்பது பாஸ், ட்ரெபிள் போன்ற பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது, கம்ப்ரசர் ஏறும் சத்தத்தை அமுக்குவது. என் பதில் பலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை: ஈக்யூவில் சவுண்ட் தரத்துக்காக இன்றைக்கு யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. கொடுப்பதாக இருந்தால் இன்டர்ஃபேஸுக்கு, அதாவது பிளகினின் திரை அமைப்புக்குக் கொடுங்கள்.

நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே வோக்கலை இரண்டு டிராக்கில் போடுங்கள். ஒன்றில் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரோடு வரும் ரியாஈக்யூ (தனியாகவும் இலவசம்), இன்னொன்றில் உங்களுடைய விலை உயர்ந்த ஈக்யூ. இரண்டிலும் 300 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் குறைத்து, திரையில் தெரியும் கர்வ் இரண்டும் ஒத்துப்போகும்வரை க்யூவை (வெட்டு எவ்வளவு அகலம் என்ற அளவை) சரிசெய்யுங்கள். ஒரே எண்ணைப் போட்டால் போதாது, க்யூவை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகிறது. பிறகு ஒரு டிராக்கின் ஃபேஸைத் திருப்பி (அலையைத் தலைகீழாக்கி) இரண்டையும் சேர்த்து ஓட்டினால் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காது. ஒரே சவுண்டாக இருந்தால்தான் இப்படி ஒன்றையொன்று அழிக்கும். வித்தியாசம் வருவது உச்சியில்தான், 44.1 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்டில் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பூஸ்ட் செய்தால் சில ஈக்யூக்களில் கர்வின் மேல்பக்கம் நசுங்கும். மற்றபடி 1 டெசிபல் சத்தம் கூடினாலே காதுக்கு ஆஹா என்றிருக்கும். லெவலைச் சமன் செய்யாமல் “இது எவ்வளவு வார்மா இருக்கு பாருங்க” என்று சொல்லும் யூடியூப் ஒப்பீடுகளை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

அப்படியானால் ஃபேப்ஃபில்டர் ப்ரோ-க்யூவுக்கு 150 டாலருக்கு மேல் கொடுப்பவர்கள் எல்லாம் ஏமாளிகளா? இல்லை. கர்வின் மேல் க்ளிக் செய்தால் பேண்ட் (கூட்டிக் குறைக்க ஒரு புள்ளி) வந்து நிற்கிறது, அதன் ஹெட்ஃபோன் குறியை அழுத்திப் பிடித்து நகர்த்தினால் அந்த இடம் மட்டும் தனியாகக் கேட்கிறது. பாடகியின் ‘ஸ’வும் ‘ஷ’வும் 6 கிலோஹெர்ட்ஸில் குத்துகிறதா 8-லா என்று தேடுவது சில நொடி வேலை. நாளை காலைக்குள் பாட்டைக் கொடுத்தாக வேண்டியவருக்கு அது நேரம், நேரம் என்றால் காசு. எப்போதாவது ஒரு கவர் பாட்டு செய்பவருக்கு டிடிஆர் நோவா என்ற ஈக்யூ தாராளம். இலவசம், டைனமிக் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப வேலை செய்யும்) ஈக்யூவும் கூட. விண்டோ கொஞ்சம் நெரிசல், அவ்வளவுதான்.

நல்ல இன்டர்ஃபேஸிலும் வம்பு உண்டு. நாதஸ்வரத்தை ஓடவிட்டால் அனலைசரில் (சவுண்டைக் கோடாக வரைந்து காட்டும் திரையில்) முள் முள்ளாக வரிசையாக நிற்கும். அதெல்லாம் அந்த வாத்தியத்தின் ஹார்மானிக்ஸ், அதன் குரலையே உருவாக்கும் மேல் ஒலிகள். கண்ணை உறுத்துகிறதே என்று ஒவ்வொன்றாக வெட்டினால் ஸ்க்ரீன் அழகாகிவிடும், வாத்தியம் செத்துப்போகும்.

எனக்கு எரிச்சல் வருவது பழைய மெஷினின் படத்தை அப்படியே ஒட்டி விற்பதில்தான். 1967-ல் வந்த 1176 கம்ப்ரசரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அட்டாக் (சத்தம் ஏறியதும் எவ்வளவு சீக்கிரம் அமுக்குகிறது என்பது) நாபை, அதாவது குமிழை, வலப்பக்கம் திருப்பினால் வேகமாகும். இன்றைய கம்ப்ரசர்களில் பெரும்பாலும் வலப்பக்கம் என்றால் மெதுவாகும். பக்கத்தில் 1 முதல் 7 வரை வெறும் எண், அலகு கிடையாது. உள்ளே நடப்பதோ 800 மைக்ரோசெகண்டிலிருந்து 20 மைக்ரோசெகண்ட் வரை, அதாவது அதன் மிக மெதுவான அட்டாக்கே ஒரு மில்லிசெகண்டைத் தொடாது. புதிதாக வரும் பையன் மிருதங்கத்தின் அடி தெறித்து வரட்டும் என்று நாபை 7-க்குத் திருப்பி, அந்த அடியையே அமுக்கிவிட்டு, பிளகின் சரியில்லை என்கிறான். அசல் மெஷினில் கைவைத்துப் பழகியவர்களுக்கு இது வசதி, ஒப்புக்கொள்கிறேன். நம்மில் எத்தனை பேர் பழகியிருக்கிறோம்? வேவ்ஸ் கம்பெனி 1176-ஐப் பார்த்துச் செய்த சிஎல்ஏ-76 பிளகினில் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று கரண்ட் இரைச்சலைச் சேர்க்கவே ஒரு சுவிட்ச் இருக்கிறது! ஹம்மை ஒழிக்க எர்த்திங் போட எலக்ட்ரீஷியனைத் தேடி அலைகிற ஆள் நான்.

ஆனால் கம்ப்ரசரிலும் ரிவெர்பிலும் (அறையின் எதிரொலியைச் சேர்ப்பது) ஈக்யூ கதை செல்லாது, அங்கே சவுண்ட் நிஜமாகவே மாறும். வல்ஹாலா கம்பெனியின் ரிவெர்புகளான ரூம், விண்டேஜ்வெர்ப் இரண்டும் 50 டாலர், தள்ளுபடி என்ற பேச்சே கிடையாது, படம் எதுவும் இல்லாத தட்டையான முகப்பு, சவுண்டில் குறையில்லை. அவர்களுடைய சூப்பர்மாசிவ் இலவசம். இன்னொரு கோடியில் ஏர்விண்டோஸ் பிளகின்கள்: எல்லாம் இலவசம், ஓப்பன் சோர்ஸ், வெறும் ஸ்லைடர்கள்தான். காதை மட்டும் நம்பு என்ற அந்தக் கொள்கை பிடிக்கும், ஆனால் எவ்வளவு அமுங்குகிறது என்று மீட்டர் காட்டாத கம்ப்ரசர் எனக்கு ஒத்துவராது.

விலை என்றால் வாங்கும் அன்றைய விலையை மட்டும் பார்க்காதீர்கள். அடுத்த பெரிய வெர்ஷனுக்கு மறுபடி காசா, கம்ப்யூட்டர் மாற்றினால் லைசென்ஸ் கூடவே வருமா என்று கேளுங்கள். 2023 மார்ச்சில் வேவ்ஸ், இனி சப்ஸ்கிரிப்ஷன் மட்டும்தான் என்று அறிவித்தது. வந்த எதிர்ப்பைப் பார்த்து சில நாளிலேயே பின்வாங்கியது. பின்வாங்காமல் இருந்திருந்தால்?

அப்புறம், க்ராக் (திருட்டு காப்பி) லிங்க் கேட்டு கமெண்ட் போடாதீர்கள். நோவாவும், ரியாஈக்யூ அடங்கிய ரியாபிளக்ஸும் சும்மா கிடைக்கும்போது அது எதற்கு என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை.