ஆழமாகத் தோண்டினால் உப்பு போகாது, கூடும்

மேலே ஒரு அண்ணன், “மாலத்தீவு மாதிரி சின்னத் தீவில் கிணறு உப்புக் கரித்தால் இன்னும் 20 அடி ஆழமாக்கிப் பெரிய மோட்டார் போடுங்கள், காய்ச்சிக் குடித்தால் போதும்” என்கிறார். அது தப்பு அண்ணே. ஆயர் ஈத்தாம் அணையும் மலையும் உள்ள நம்ம பினாங்குக் கணக்கு அங்கே செல்லாது.

மணல் தீவில் மழைத்தண்ணீர் உப்புநீர்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி. மோட்டார் மேல்மட்டத்தை அரை அடி இறக்கினால் அடியிலிருந்து உப்பு 20 அடிவரை ஏறிவரும். ஆழத் தோண்டினால் நாமே உப்பைத் தேடிப் போகிறோம். ஆழமில்லாமல், படுக்கைவாட்டில் ஓட்டைக்குழாய் பதித்து மெதுவாக இறைப்பதுதான் சரி.

காய்ச்சினால் கிருமி சாகும். உப்பு போகாது, ஆவி போகப் போக இன்னும் கரிக்கும்.

குடிக்கக் கூரைத் தண்ணீர் நல்லது. 100 சதுர மீட்டர் ஜிங்க் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை 100 லிட்டர். வழிந்தது, காய்ந்தது போகச் சுமார் 80. முதல் 50 லிட்டராவது வெளியே போகட்டும், பறவை எச்சமெல்லாம் அதில்தான். 1,000 லிட்டர் தெளிந்த நீருக்கு வாசனை சேர்க்காத 5% குளோரின் திரவம் 40 மில்லி. அரைமணி கழித்துக் குடிக்கலாம். தொட்டி வாய்க்குக் கொசுவலை மறக்காதீர்கள், டெங்கி.