அப்பா இல்லாத வீடும் குடும்பம்தான்

குடும்பம் இரண்டு வகை: கூட்டுக்குடும்பம், தனிக்குடும்பம். பள்ளியில் இப்படித்தான் படித்தோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் பட்டிமன்ற மேடையிலும் கல்யாண வீட்டுப் பேச்சிலும் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த இரண்டிலும் சேராத வீட்டுப் பிள்ளையைப் பார்த்து "பாவம்" என்கிறோம். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் தெருவில் ஒரு வீடு. பாட்டி, கணவரை இழந்த மகள், அவருடைய இரண்டு பிள்ளைகள், கல்யாணம் செய்துகொள்ளாத சித்தி. பாட்டி இட்லி ஊற்றி டிபன் பாக்ஸ் கட்டுவார். சித்தி பிள்ளைகளை ஸ்கூட்டியில் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போவார். சின்னவனுக்குக் காய்ச்சல் என்றால் மூன்று பேரும் முறைவைத்துக் கண்விழிப்பார்கள். குடும்பம் என்றால் வேறென்ன வேண்டும்? ஆனால் தெருவில் அதற்குப் பேர் "ஆம்பளைத் துணை இல்லாத வீடு".

அப்பா தலைமை, ஆண்வழிச் சொத்து, புகுந்த வீட்டுக்குப் போகும் மருமகள், இதுதான் காலங்காலமாக வந்த முறை என்பார்கள். யாருடைய முறை? கேரளத்து நாயர் தறவாடுகளில், அதாவது அவர்களுடைய பழைய கூட்டுக்குடும்பங்களில், பிள்ளைகள் அம்மாவின் வீட்டைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள். நிர்வாகம் தாய்மாமன் கையில் இருந்தது. இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம் குடி, அதாவது குலம், தாய்வழியாக வருவது. அங்கே கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார்.

சண்டிகர் செவிலியர் ஒருவரின் வழக்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மனைவியை இழந்த ஒருவரை அவர் மணந்தார். கணவரின் முதல் மணத்துப் பிள்ளைகள் இருவரையும் தன் பிள்ளைகளாக ஏற்று, அவர்களைக் கவனிக்க விடுப்பும் எடுத்தார். பிறகு தானே ஒரு குழந்தை பெற்றபோது, "உங்களுக்குத்தான் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே" என்று மகப்பேறு விடுப்பை மறுத்துவிட்டார்கள். வளர்த்த பாசமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது! 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த விடுப்பு அவருடைய உரிமை என்றது. ஒற்றைப் பெற்றோர், மறுமணம், தத்து, மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வோர், தன்பாலின இணையர் என்று குடும்பம் பல வகையாக இருக்கலாம், அவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பும் நலத்திட்டப் பலனும் கிடைக்க வேண்டும் என்றும் சொன்னது.

தமிழ்நாட்டிலும், 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு விதி எழுதியபோது, கைம்பெண்கள், மணமாகாத தனித்த பெண்கள், திருநங்கைகள் தலைமையில் உள்ள குடும்பங்களையும் சேர்த்தார்கள். மனதார வரவேற்கிறேன்.

அரசு விதியே மாறும்போது வகுப்பறைப் பேச்சு மாறக் கூடாதா? ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லாதீர்கள். "வீட்டிலேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வா" என்று சொல்லுங்கள். பாட்டி வரட்டும், சித்தி வரட்டும்.