மனச்சிறைக்கு ஒரு சுப முடிவு

கொடியவன் ஒருவனே நாயகனாக வரும் காதல் கதைகளான டார்க் ரொமான்ஸ் நாவல்களைப் பற்றி இரண்டே வகைப் பேச்சுதான் காதில் விழுகிறது. பெண்களின் மனத்தைக் கெடுக்கிறது, நிறுத்து என்கிறது ஒரு தரப்பு. கற்பனைதானே, விட்டுவிடுங்கள் என்கிறது இன்னொன்று. முதல் தரப்பு பெரும்பாலும் படிக்காமலே பேசுகிறது. இரண்டாவது தரப்பு படித்த பிறகும் படித்ததைப் பற்றிப் பேச மறுக்கிறது. நான் இவற்றை விரும்பிப் படிக்கிறவள். என் குறை வேறு: இந்த நாவல்களில் இருட்டு போதவில்லை.

கதைப்போக்கு தெரிந்ததுதான். அவன் பணக்காரன், அழகன், குற்ற உலகத்தில் ஒரு கால் வைத்திருப்பவன். அவளைப் பின்தொடர்கிறான், அவளுடைய கைப்பேசியை உளவு பார்க்கிறான், அவளிடம் சிரித்துப் பேசியவனின் விரலை முறிக்கிறான். ஓர் அத்தியாயம் அவள் சொல்வதாக, அடுத்தது அவன் சொல்வதாகப் போகும். அவன் சொல்லும் அத்தியாயங்களை மட்டும் தனியே எடுத்துப் படித்துப் பாருங்கள். அவளுடைய கழுத்து, கூந்தல், மூச்சு, பயத்தில் விரியும் கண்கள் எல்லாம் பக்கம் பக்கமாக வரும். அவள் எதற்குச் சிரிப்பாள், எதை நினைத்துத் தூக்கம் கெடுவாள் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. எல்லோரும் நடுங்கும் தன்னை ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டாளே என்ற ஒன்றுதான் அவனைப் பிடித்து ஆட்டுகிறது. அடிபட்டது கர்வம். அதற்குக் காதல் என்று பெயர் வைப்பது ஆசிரியரின் தாராள மனம்.

இந்தக் கர்வத்தைத் தோலுரித்துக் காட்டியவர் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங். 1842இல் வெளிவந்த 'மை லாஸ்ட் டச்சஸ்' கவிதையில் ஒரு பிரபு, இறந்துபோன மனைவியின் ஓவியத்தை விருந்தாளிக்குக் காட்டுகிறான். அவள்மேல் அவனுக்கு இருந்த புகார் ஒன்றே ஒன்று: எல்லாவற்றையும் பார்த்து ஒரே மாதிரி மலர்ந்தாள். அந்தி வெளிச்சத்துக்கும், எவனோ ஒடித்துவந்து கொடுத்த செர்ரிக் கிளைக்கும் கிடைத்த அதே முகமலர்ச்சிதான் தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையான அவனது குலப்பெயருக்கும் கிடைத்தது. வாய் திறந்து சொல்லியிருக்கலாம். அது தன் தகுதிக்கு இழுக்கு என்று நினைத்தான். உத்தரவிட்டான், சிரிப்பு நின்றுபோனது. இப்போது அந்த ஓவியத்துக்கு ஒரு திரை. விலக்கும் உரிமை அவனுக்கு மட்டும். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் விருந்தாளி யார் தெரியுமா? அடுத்த திருமணத்துக்கு வரதட்சணை பேச வந்த தூதன்! பிரபுவின் குரலில் வருத்தமும் இல்லை, வெறியும் இல்லை. அரிய பொருள்களைச் சேர்த்து வைத்திருப்பவனின் பெருமிதம் மட்டுமே. மொத்தமே 56 வரிகள். ஐந்நூறு பக்க நாவல்கள் நெருங்க அஞ்சும் இடம் அது.

நமக்குக் கம்பன் இருக்கிறான். சூர்ப்பணகை வருணித்ததைக் கேட்ட மாத்திரத்தில், சீதையைக் கவர்ந்து வருவதற்கு முன்னமே, இராவணன் அவளை 'இதயமாம் சிறையில் வைத்தான்' என்கிறான் கம்பன். அதுவரை அவளை ஒருமுறைகூட இராவணன் பார்த்ததில்லை. அசோகவனம் இரண்டாவது சிறைதான். அதே படலத்தில் இன்னும் விசித்திரமான காட்சி ஒன்று உண்டு. இராவணனின் கண் முன் ஓர் உருவெளித் தோற்றம் வந்து நிற்கிறது. இவள்தானா நீ சொன்ன சீதை என்று தங்கையை அழைத்துக் கேட்கிறான். அவளோ, வந்து நிற்பவன் இராமன் என்கிறாள். வெறும் வெளியைப் பார்த்தபடி அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு உருவத்தைக் காண்கிறார்கள். வெறி பிடித்த மனம் எதிரில் இருப்பவரைப் பார்ப்பதே இல்லை என்பதை இதைவிடக் குரூரமாக, கொஞ்சம் நகைச்சுவையாகவும், எழுத முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இராவணனுக்கு வீரம், இசை, கல்வி, கம்பீரம் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கிறான் கம்பன். மன்னிப்பு மட்டும் கொடுக்கவில்லை. சானகியை மனச்சிறையில் ஒளித்து வைத்த காதல் இன்னும் உள்ளே இருக்குமோ என்று இராமனின் அம்பு உடலெங்கும் புகுந்து தடவித் தேடியதோ என மண்டோதரி புலம்புகிறாள்.

இன்றைய நாவல்களால் ஏன் இந்த இடத்துக்கு வர முடியவில்லை? பாழடைந்த மாளிகையும் மர்மமும் அச்சமும் நிறைந்த கோதிக் கதைகளிலிருந்து இருட்டை எடுத்துக்கொண்டார்கள். முடிவைக் காதல் நாவலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் இருவரும் சேர்ந்து மகிழ்ச்சியாக வாழ வேண்டும் என்பது காதல் நாவல் வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு. அதைக் காப்பாற்ற, முப்பது அத்தியாயங்களில் அவன் செய்த அனைத்தும் கடைசி இரண்டில் கழுவப்பட வேண்டும். உடனே அவனுடைய பால்யத் துயரம் ஒன்று வந்து சேரும். பின்னுரையில் ஒரு குழந்தை சிரிக்கும்.

பழியை எழுதுகிறவர்கள்மேல் மட்டும் போடவும் முடியாது. சாமுவேல் ரிச்சர்ட்சனின் ஆங்கில நாவல் 'கிளாரிசா' 1747 முதல் 1748 வரை பகுதி பகுதியாக வந்தபோது, அதில் வரும் போக்கிரி லவ்லேஸைத் திருத்தி நாயகி கிளாரிசாவுக்கே மணமுடித்து வையுங்கள் என்று வாசகர்கள் கடிதம் எழுதி மன்றாடினார்கள். லேடி பிராட்ஷா என்ற சீமாட்டி புனைபெயரில் எழுதிக் கெஞ்சினார். அந்த லவ்லேஸ், கிளாரிசாவுக்கு மயக்க மருந்து கொடுத்து வன்புணர்ந்தவன். திருந்திய போக்கிரிதான் உத்தமக் கணவன் என்ற நம்பிக்கை ஆபத்தானது என்று காட்டவே ரிச்சர்ட்சன் எழுதினார். வாசகர்கள் அவனிடம் மயங்கியதைக் கண்டு, அடுத்தடுத்த பதிப்புகளில் அவனை இன்னும் கறுப்பாக்கினார். பயன் இருந்ததாகத் தோன்றவில்லை.

ஏனென்றால் கர்வம் நாயகனோடு முடிவதில்லை. உலகத்துக்கே மிருகமாக இருப்பவன் என்னிடம் மட்டும் குழைகிறான் என்ற எண்ணத்தில் இருக்கும் போதை அன்பின் போதை இல்லை. அது கிரீடம் சூட்டிக்கொள்ளும் சுகம். அந்தச் சுகத்துக்காகத்தான் நானும் இரவு இரண்டு மணி வரை பக்கம் புரட்டுகிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் புத்தகம் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். முதல் பக்கத்து எச்சரிக்கையில் கடத்தல், சித்திரவதை, ரத்தம் என்று வரிசையாகப் போடுகிறார்கள். நாயகியின் தற்பெருமை என்று எவரும் போட்டு நான் பார்த்ததில்லை. அவளை எப்போதும் அப்பாவியாகவே வைத்திருக்கிறார்கள். தான் அழகி என்பதே அவளுக்குத் தெரியாதாம்!

ஜன்னலுக்கு வெளியே நிற்பவனுக்காகத் திரையை வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கி வைக்கும் ஒருத்தியை எழுதுங்கள். ஒரு வாரம் அவன் வராமல் போனால் அவளுக்கு நிம்மதிக்குப் பதிலாக ஏன் எரிச்சல் வருகிறது என்று நிதானமாக எழுதுங்கள். அப்படி ஒரு நாவல் ஏற்கெனவே வந்திருந்தால் கீழே பெயர் சொல்லுங்கள். பின்னுரையில் குழந்தை சிரித்தாலும் பரவாயில்லை, படித்துவிடுகிறேன்.