கோழிக்குக்கூடப் பேர் இருக்கிறது

(தண்டராம்பட்டு தாண்டி, சாத்தனூர் அணைக்குப் போகிற சாலை. பஞ்சரான பைக்கைத் தள்ளிக்கொண்டு சின்னராசு. பின்னால், தலையில் பித்தளை அண்டாவோடு அவனுடைய தாய்மாமன் ஏகாம்பரம். சின்னராசுவின் அக்கா மகளுக்குக் காதுகுத்து. முகூர்த்தம் பத்தரைக்கு.)

சின்னராசு: மாமா, கொஞ்சம் எட்டி நடங்கள். அக்கா நாலு தடவை போன் பண்ணிவிட்டாள்.

ஏகாம்பரம்: பத்திரிகையில் பேர் போட்டவர்கள் ஓடட்டும். நான் எதற்கு ஓட வேண்டும்?

சின்னராசு: ஆரம்பித்துவிட்டீர்களா? இடம் பற்றவில்லை மாமா.

ஏகாம்பரம்: மைக்செட்காரன் பேருக்கு இடம் இருக்கிறது. பந்தல்காரனுக்கு இருக்கிறது. ‘மழலை மொழியில் அழைக்கிறோம்’ என்று ஏழு பொடிசுகள் வரிசை கட்டி நிற்கின்றன. அதில் ஒன்று இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை! இரு, இரு. வண்டியை நிறுத்து.

சின்னராசு: ஓடினால்தானே நிறுத்துவதற்கு?

ஏகாம்பரம்: அந்தப் புளியமரத்தடியில் வேடியப்பன் கல் இருக்குமே, எங்கே? எவனோ பிளெக்ஸ் கட்டி மறைத்திருக்கிறான்.

சின்னராசு: (மெதுவாக) அது நம்ம பிளெக்ஸ்தான் மாமா.

ஏகாம்பரம்: அட, ஆமாம். ‘தாய்மாமன் சின்னராசு.’ கூலிங்கிளாஸ் வேறு. வில்லும் கையுமாகச் செத்தவனை மறைத்துக்கொண்டு, செல்போனும் கையுமாக நிற்கிறாய்.

சின்னராசு: வேடியப்பன் சாமிதானே? செத்தவன் என்கிறீர்கள்?

ஏகாம்பரம்: செத்த பிறகுதான் சாமி ஆனான். செங்கம் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுகிற கல்லில் பாதி நடுகல்தான். ஊர் மாட்டை எவனாவது ஓட்டிக்கொண்டு போவான். மீட்கப் போனவன் அம்பு பட்டு விழுவான். ஊர் கூடி அவனுக்குக் கல் எடுக்கும். தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கல்லும் இந்த மாட்டுத் தகராறுதான். அது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தையது.

சின்னராசு: மாட்டுக்காகச் சாக நம்மால் ஆகாது. நடங்கள்.

ஏகாம்பரம்: சாக வேண்டாம், கடித்தால் போதும். இதோ, இந்தப் பக்கம் எடுத்தனூர். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். எருமைகளுக்காக நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்று ஒருவன் விழுந்துவிட்டான். அவனுடைய நாய் ரெண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு, அவனை விட்டு நகராமல் காவல் நின்றதாம். அதையும் கல்லில் வெட்டிவிட்டார்கள். நாயின் பேர் கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷமாக அந்தப் பேர் இருக்கிறது.

சின்னராசு: நாய்க்கா?

ஏகாம்பரம்: நாய்க்கே ஆச்சரியப்படுகிறாயே, கோழிக்கே இருக்கிறது! விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் மேற்சேரிக் கோழி. இந்தளூரில் கீழ்ச்சேரிக் கோழி. அதன் பேர் பொற்கொற்றி. சண்டைக்கோழி. எந்தச் சேரி என்று விலாசத்தோடு வெட்டியிருக்கிறார்கள். உங்கள் அம்மாவோடு பிறந்தவன் நான். எனக்கு ஒரு வரி இல்லை.

சின்னராசு: அதே கோழிக்குப் பந்தியில் இன்று என்ன மரியாதை என்று பாருங்கள். மணி பத்தாகிறது மாமா.

ஏகாம்பரம்: பேச்சை மாற்றாதே. கல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு கட்டம் சொல்கிறது. காட்சி, கல்லைத் தேடிப் பார்ப்பது. கால்கோள், எடுத்துவர நாள் குறிப்பது. நீர்ப்படை, நீராட்டுவது. நடுதல். பெரும்படை, படையல் போடுவது. கடைசியில் வாழ்த்து. ஒரு கல்லுக்கு ஆறு. நீ அச்சகத்தில் ஒரே ஒரு தடவை புரூஃப் பார்க்கக்கூடாதா?

சின்னராசு: பார்த்தேன் மாமா! உங்கள் பேர் இருந்தது. ‘மூன்று வரி கூடுதலாக இருக்கிறது, எதை எடுக்கட்டும்?’ என்று அந்த ஆள் கேட்டான். டீ வாங்க எழுந்தேன். திரும்பி வருவதற்குள் அவனே எடுத்துவிட்டான்.

ஏகாம்பரம்: ஒரு டீக்குப் போய்விட்டதா என் பேர்! (நிற்கிறார்.) இந்த அண்டாவை இறக்கி வை. கழுத்து போய்விட்டது.

சின்னராசு: கீழே வைத்தால் திரும்பத் தூக்க ஆள் வேண்டும். ரெண்டு எட்டு வாருங்கள், அதோ ரெண்டு கல் நட்டு, குறுக்கே ஒரு கல். அதன் மேல் தள்ளிவிடலாம். யாரோ வாசல்படி வைத்துவிட்டு வீடு கட்ட மறந்துவிட்டார்கள் போல.

ஏகாம்பரம்: அட மக்கு! அது சுமைதாங்கி. தலைச்சுமைக்காரன் குனியாமல், யாரையும் கைபிடிக்கக் கூப்பிடாமல் பாரத்தை இறக்கத்தான் தோள் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போனவளுக்காக வைப்பது. அவள் இறக்காமல் போன சுமையை, வழியில் போகிறவர்களாவது இறக்கட்டும் என்று.

(கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அண்டா கல்மேல் ஏறுகிறது.)

சின்னராசு: பாவம். அந்தப் பெண்ணின் பேர் என்ன மாமா?

ஏகாம்பரம்: (கல்லைத் தடவிப் பார்த்து) பேர் எதுவும் காணோம். பெயிண்டில் என்னவோ எழுதியிருக்கிறது... ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்...’ சீ!

சின்னராசு: அண்டா ஆடுகிறது. கவிழ்த்து வைத்தால்தான் நிற்கும். (கவிழ்க்கிறான்.) மாமா... அடியில் என்ன இது, இவ்வளவு பெரிய எழுத்து?

ஏகாம்பரம்: ஒன்றும் இல்லை. கடையில் உன் பேரை வெட்டச் சொன்னாய் இல்லையா? நீ பில் போடப் போனபோது, அடியில் சும்மா இடம் கிடக்கிறதே என்று நானும் ஒன்று வெட்டச் சொன்னேன். பத்திரிகையை அடுத்த வாரம் பஜ்ஜி மடிக்க எடுத்துவிடுவார்கள். அண்டா நாலு தலைமுறைக்கு நிற்கும்.

சின்னராசு: எழுத்துக்கு எழுத்து காசு கொடுத்தீர்களா?

ஏகாம்பரம்: ரொக்கமாக.

சின்னராசு: வெட்டி முடித்ததும் படித்துப் பார்த்தீர்களா?

ஏகாம்பரம்: கண்ணாடி எடுத்துப் போகவில்லை. ஏன்?

சின்னராசு: ‘மாமன் ஏகாம்பம்’ என்று இருக்கிறது.

(போன் அடிக்கிறது. இருவரும் எடுக்கவில்லை.)

ஏகாம்பரம்: ஆணி இருக்கிறதா உன்னிடம்?