பின் நம்பரைச் சத்தமாகச் சொன்ன அக்காவுக்காக

காசிமேட்டு மீன்கார அக்காவின் வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். ஐஸ்காரருக்கு போனில் யுபிஐ வழியாகப் பணம் அனுப்ப மகனைக் கூப்பிட்டு, ரகசியமாக வைக்க வேண்டிய பின் நம்பரைச் சத்தமாகச் சொல்லி, "நீயே போட்டு அனுப்புடா" என்கிறார். அவ்வளவுதான். அதற்கு எத்தனை சிரிப்பு, பின்னை யாரிடமும் சொல்லக் கூடாது என்று எத்தனை அறிவுரை. என் நண்பர்களே அதில் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கையைப் பார்த்தீர்களா? செதிலும் ஐஸ் தண்ணீரும் ஒட்டிய கையால் போனைத் தொட்டுப் பாருங்கள், வேலை செய்யாது. மகன் பக்கத்தில் நிற்கிறான். அவனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வார்?

போன் ஒருவருக்கு, நம்பர் ஒருவருக்கு, ரகசியம் ஒருவருக்கு என்று நினைத்துச் செய்யப்பட்ட பொருள் அது. தனி அறையில் வளர்ந்தவர்கள் தங்கள் வாழ்க்கைக்கு ஏற்றபடி செய்தார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அப்படி வாழாதவர்களை எல்லாம் விவரமில்லாதவர்கள் என்கிறீர்களே, அதுதான் தாங்கவில்லை.

நான் தண்டையார்பேட்டையில் லைன் வீட்டில் வளர்ந்தவள். ஸ்கூல் ஃபாரத்தில் எங்கள் போன் நம்பருக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதுவோம். முன்வீட்டு ஆயா வீட்டு லேண்ட்லைன் நம்பர் அது. போன் வந்தால் ஆயா வாசலில் நின்று கூப்பிடும், ஈரக் கையோடு அம்மா ஓடும். சாவுச் செய்தியும் அந்த போனில்தான் வந்தது, அக்காவைப் பெண் பார்க்க வருகிற செய்தியும் அதில்தான் வந்தது. அந்த நம்பரை எழுத ஒருநாளும் நாங்கள் கூச்சப்பட்டதில்லை.

நம் ஆட்களைப் பார்த்துச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்குக் கடைகளில் இருக்கும் சவுண்ட் பாக்ஸே போதும். வந்த தொகையைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறது. வரவைப் பொத்திவைக்க நினைக்கிற ஊரில் யாரும் அதை யோசித்திருக்க மாட்டார்கள். இங்கே போன் முதலாளி பையில் இருக்கும், கல்லாவில் நிற்பது தம்பியோ மச்சானோ. பணம் வந்தது அவனுக்குத் தெரிய வேண்டும். அதைப் புரிந்துகொண்டு செய்தார்கள், மார்க்கெட் முழுக்கப் பரவியது. யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லையே?

ரேஷன் கார்டு குடும்பத்துக்கு ஒன்று. மிக்ஜாம் புயல் நிவாரணம் 6,000 ரூபாயை 2023 டிசம்பரில் அந்தக் கார்டை வைத்துத்தான் கொடுத்தார்கள். அது வீட்டுக் காசு. ஆனால் யுபிஐ 2016-ல் வந்தபோது வீடு என்ற ஒன்றே அதற்குத் தெரியவில்லை. என் கணக்கிலிருந்து வீட்டில் இன்னொருவர் பணம் அனுப்ப, பின்னைச் சொல்லாமலே அனுமதி கொடுக்கும் 'யுபிஐ சர்க்கிள்' 2024 ஆகஸ்டில்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் நம்மைக் கேட்காமலே அனுப்ப முழு அனுமதி கொடுத்தால் மாதம் 15,000 ரூபாய் வரை. எட்டு வருஷம் கழித்து வந்த இந்த வசதியை அந்த அக்காவிடம் யார் போய்ச் சொன்னார்கள்? வீடியோ எடுத்தவராவது சொல்லியிருக்கலாம்.

"ஏமாற்றினால் பணம் போய்விடுமே?" போகும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் வந்து, 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்களே, அதில் மாட்டியவர்களில் டாக்டர்களும் ரிடையரான அதிகாரிகளும் இருக்கிறார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்ற மிரட்டலுக்குப் பயந்து தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் அவர்கள் பணம் போனது. பக்கத்தில் ஒரு பேரன் இருந்திருந்தால் "ஆயா, போனை வை" என்று பிடுங்கியிருப்பான்.

"அப்போ பெண்களுக்குத் தனிமை வேண்டாமா?" இந்தக் கேள்விக்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. போனை வாங்கிப் பார்த்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவன் எங்கள் தெருவிலும் இருந்தான். நித்யா சாம்பசிவன் என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் தெற்காசியப் பெண்கள் போனை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்து 2018-ல் எழுதினார்கள். போனைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாத பெண்கள் ஆப்புக்குப் பூட்டுப் போடுகிறார்கள், தேவையானதை மட்டும் அழிக்கிறார்கள் என்கிறது அது. எங்கள் தெருப் பெண்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரே போனில் ஆளுக்குத் தனித்தனி லாகின் வைத்து ஓர் இடம் கொடுக்க முடியாதா என்ன? ஆண்ட்ராய்டு போனுக்கு அந்த வசதி 2014-லேயே வந்தது. ஆனால் கடையில் விற்கும் பல போன்களில் அதைக் காணோம். ஐபோனில் இன்றுவரை இல்லை. திட்டுவதென்றால் அந்த போன்களைச் செய்கிறவர்களைத் திட்டுங்கள். காலையில் கூடை தூக்கி வந்து நிற்கிறவளை ஏன் திட்டுகிறீர்கள்?

இன்னொன்றும் கேட்கிறேன். தனியுரிமை பற்றி இவ்வளவு பாடம் எடுக்கிறீர்களே, அந்த அக்கா முகத்தை மறைத்தீர்களா? வீடியோ போடட்டுமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? மகன் முகமும் தெளிவாகத் தெரிகிறது. அவனும் நாளைக்கு ஸ்கூலுக்குப் போக வேண்டிய பிள்ளைதான்.

நேற்று ஒருவர் கமெண்டில், "உங்கள் பின்னையும் இங்கே போடுங்களேன்" என்று கேட்டிருந்தார். என் பின் என் அம்மாவுக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியும். அப்பா ஐசியூவில் கிடந்த ராத்திரி என்னை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். கீழே மருந்துக் கடைக்கும் ஸ்கேனுக்கும் என் போனை வைத்துக்கொண்டு பணம் கட்டியது தங்கைதான். அதனால் அவளுக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன் சார்.